காதால் பார்த்த நான்கு படங்கள்

படம் ஓடும்போது நடுவில் ஓரிரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வது என் பழைய பழக்கம். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் தூங்குகிறேன் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். முகமும் வெளிச்சமும் இல்லாமல் படம் நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. 2024 ஆகஸ்ட் 23 தொடங்கி ஐந்து வாரத்துக்குள், இந்தச் சோதனைக்கு உட்கார வைக்கத் தகுந்த நான்கு தமிழ்ப் படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நம் காதைத் தன் வழியில் நடத்தியது.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. நான் பார்த்த அரங்கில் பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், “சவுண்டு போடுங்கப்பா” என்று குரல் கொடுத்தார். சவுண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்டோ இஞ்சினின் இரைச்சல், கூடவே வரும் பைக்குகள், வழிநெடுகக் கேட்கும் பறவைகள், கட்டிப்போட்ட சேவலின் படபடப்பு. காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சாமியாடியிடம் அவளைக் கூட்டிப்போகிறது குடும்பம். கதை அவ்வளவுதான். மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை.

சூரியை இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். ‘வெண்ணிலா கபடிக்குழு’ பரோட்டா காட்சியிலிருந்து நாம் சூரியை அறிந்ததே அந்தக் குரலால்தான். இங்கே சூரி ஏற்றிருக்கும் பாண்டியின் தொண்டையில் சுண்ணாம்பைப் பூசி, குரலைக் கரகரவென்று ஆக்கிவிட்டார். கத்த வேண்டிய ஆளுக்குக் கத்த வரவில்லை. அந்த அடைப்பு எங்கே உடையும் என்று மனது காத்துக்கொண்டே இருக்கிறது.

உடைகிற இடம்தான் படத்தின் உச்சம். வழியில் ஏதோ விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டு கேட்கிறது. மீனா தன்னையறியாமல் அதை லேசாக முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி ஆட்டோவை நிறுத்தி அடிக்க ஆரம்பிக்கிறான். அவளை, அவள் அப்பாவை, குறுக்கே வந்தவர்களை எல்லாம். அதுவரை இசையே தராத படத்தில் முதன்முதலாக ஒரு மெட்டு ஒரு பெண்ணின் உதட்டுக்கு வருகிறது, அதற்குத்தான் அந்த அடி. இசையமைப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் காட்சி செத்திருக்கும். கடைசியில் படம் சட்டென்று நின்றபோது என் முன்வரிசைப் பெரியவர் “இன்டர்வெல்லாப்பா?” என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதே நாளில் வெளியான ‘வாழை’ நேர் எதிர்த் துருவம். மாரி செல்வராஜ் தன் பால்யத்தை எடுத்திருக்கிறார். சந்தோஷ் நாராயணன் இசை. சுமக்கும் வாழைத்தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி, அதை இரண்டாக்கச் சொல்லித் தகராறு. கேட்டதைக் கொடுத்த வியாபாரி அந்த நஷ்டத்தை வண்டிச் செலவில் ஈடுகட்டப் பார்க்க, வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்கள் ஊர் திரும்புகிறார்கள்; லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் சாவுக்கும் நடுவே இத்தனை நேரான கோட்டைத் தமிழ் சினிமா போட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் என் காதுக்குச் சில குறைகள் உண்டு. தார் சுமக்கும் பையனின் கழுத்து வலி அவன் நடையிலேயே தெரிகிறது. அதற்கு மேல் இசை வந்து “இவனுக்கு வலிக்கிறது” என்று சொல்வானேன்? பூங்கொடி டீச்சர் வரும் இடங்களில் உறுத்தாத அதே இசை, சோகம் என்றதும் நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. கடைசியில் ஒப்பாரிச் சாயலில் வரும் பாட்டை மட்டும் இந்தப் புகாரில் சேர்க்க மாட்டேன். ஒப்பாரி அந்த மண்ணில் சாவு வீட்டுக்குச் சொந்தமான குரல். வெளியிலிருந்து கொண்டுவந்து போர்த்திய துணி அல்ல.

‘லப்பர் பந்து’வுக்கு ஷான் ரோல்டன் இசை, ஆனாலும் படத்தைத் தூக்கியது 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்து இளையராஜா பாட்டு. கெத்து என்ற ஆட்டக்காரர் கிரிக்கெட் மட்டையோடு களத்துக்கு வரும்போது அது ஒலிக்கிறது. கெத்துவாக நடிக்கும் ‘அட்டகத்தி’ தினேஷ் விஜயகாந்த் ரசிகராக வருகிறார். விஜயகாந்த் மறைந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம், அரங்கே எழுந்து விசிலடித்தது. எங்கள் ஊர் மேட்சுகளிலும் இப்படி ஆளுக்கொரு பாட்டு இருந்தது. சரியாக ஆடாதவனுக்கு மைக்செட்காரர் பாட்டை மாற்றிவிடுவார்! தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம். சாதி பார்த்து அன்பு என்ற இளைஞனை அணியில் சேர்க்காத கதையை, கைதட்ட வந்த கூட்டத்துக்கு அலுக்காமல் சொல்லியிருக்கிறார்.

‘மெய்யழகன்’ முழுக்கப் பேச்சு. வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நான் வெட்டுக்கு முந்தியதைப் பார்த்தேன், நண்பர் பிந்தியதைப் பார்த்தார், இன்னும் சண்டை தீரவில்லை. ஜல்லிக்கட்டு, ஈழம் என்று நீளும் பேச்சு கதையை நிறுத்துகிறது என்பது அவர் கட்சி. ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் கதைக்கு நல்லதாகப் பார்த்தா பேசுவார்கள் என்பது என் கட்சி. அரவிந்த் சாமியைக் கார்த்தி கூப்பிடும் “அத்தான்” ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சுருதியில் விழுகிறது. கெஞ்சல் ஒன்று, கேலி ஒன்று, உரிமை ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கத்து உறவு முறையைத் தெரிந்துகொள்ள வேறு பாடம் வேண்டாம்.

அத்தனை பேச்சுக்கு நடுவிலும் அரவிந்த் சாமியின் அருள்மொழிக்கு ஒன்று மட்டும் வாயில் வரவில்லை: எதிரில் இருப்பவனின் பெயர். கேட்கக் கூச்சம். விடியும் முன்னே அவன் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பி ஓடிவிடுகிறார். கடைசியில் அந்தப் பெயர் தொலைபேசி வழியாகத்தான் வருகிறது. முகம் பார்த்துக் கேட்க முடியாததை, வெறும் குரலிடம் அழுதுகொண்டே கேட்டுவிட முடிகிறது அவருக்கு.