93 சதவீதம் எதன் அளவு?

பேச்சில் சொல்லின் பங்கு 7 சதவீதமே. குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஆளுமைப் பயிற்சி நூல்கள் பல கூறுகின்றன. இவ்வெண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை. அவற்றில் பயன்பட்டவை தனிச் சொற்கள், பதிவு செய்த குரல், முகத்தின் புகைப்படங்கள். கணிக்கப்பட்டது விருப்பு வெறுப்பு மட்டுமே. கைகால் அசைவு அளக்கப்படவே இல்லை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதென அவரே கூறியுள்ளார்.

வாசகர்களே, கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவரின் எரிச்சலை முகம் காட்டும், நேரத்தைக் காட்டுமா?

அளவு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை மறப்பது அறிவியலன்று. நேர்முகத் தேர்வில் மரியாதைக்காகத் தலை தாழ்த்தும் கிராமத்து மாணவனைத் தன்னம்பிக்கையற்றவன் என்று ஒதுக்க இவ்வெண்கள் துணைபோகலாகாது. அவன் சொல்லும் விடையையல்லவா முதலில் கேட்க வேண்டும்?