குடவோலையும் கணினிப் பட்டமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டுக்குரியது. மற்றொன்று 921-ஆம் ஆண்டுக்குரியது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை அவை சொல்லுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். ஏதும் அறியாத ஒரு சிறுவன் கை விட்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். குடவோலை என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது இந்தக் குடமும் ஓலையும் சிறுவனும்தான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததும் அவ்வளவுதானே!

ஆனால் அந்தக் கல்வெட்டுகள் முக்கியமாகக் கவலைப்படுவது குடத்தைப் பற்றியல்ல. குடத்துக்குள் யார் பெயர் போகலாம், யார் பெயர் போகக்கூடாது என்பதைப் பற்றி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். இன்ன கல்வி வேண்டும். சென்ற மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் குடம் வருகிறது. முதலில் யோசனை, கடைசியில் அதிர்ஷ்டம். 919-இல் எழுதிய விதியில் குறை தெரிந்ததும் இரண்டே ஆண்டில் திருத்தி எழுதியும் இருக்கிறார்கள்.

இந்தச் சபையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பிரம்மதேயச் சபை. கழனியில் உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதன் வாசல் திறந்ததில்லை. இன்று வாசல் திறந்திருக்கிறது. திறந்தேதான் இருக்க வேண்டும். அந்தக் கல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பாடத்தை. சீட்டு எடுப்பதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அது.

அதே உத்திரமேரூரைச் சேர்ந்த மானாம்பதியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனாருக்குக் கொஞ்சம் கழனி. மூத்த பிள்ளை தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறி ஒரகடம் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறான். பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்துப் பிளஸ் டூ தேறிவிட்டாள். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அவளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறது. அவ்வழியில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2007 முதல் நுழைவுத் தேர்வும் கிடையாது. 2018 முதல் கவுன்சலிங்குக்குச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதும் இல்லை. கம்ப்யூட்டரிலேயே விருப்பப் பட்டியலைப் பதிவு செய்துவிடலாம். இவையெல்லாம் சாமானியமான காரியங்களல்ல. இந்த வாசல்களைத் திறக்க ஒரு தலைமுறையே பாடுபட்டிருக்கிறது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நடப்பது என்ன? "என்னம்மா போடலாம்?" என்று தகப்பனார் கேட்கிறார். "கம்ப்யூட்டரே போட்டுடலாம்ப்பா. எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்கிறாள் பெண். விஷயம் முடிந்துவிடுகிறது. நான்கு ஆண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் வாக்கியத்தில் எழுவாய் 'எல்லாரும்' என்பது! 'நான்' என்ற சொல்லுக்கு அதில் இடமே இல்லை.

நான் குறை சொல்ல வந்தது இந்த 'எல்லாரும்' என்பதைத்தான். அது தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்ளும் தந்திரம் படைத்தது. கட்-ஆஃப் என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கூட்டல். ஒரு கல்லூரியின் ஒரு பிரிவில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் கூட்டலைத்தான் அந்தப் பிரிவின் கட்-ஆஃப் என்கிறோம். பலர் கேட்டால் அந்த எண் உயரும். எண் உயர்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் பலர் கேட்பார்கள். எண் இன்னும் உயரும். இதில் பாடத்தின் தரம் எங்கே இருக்கிறது? சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்க நிற்கும் வரிசையின் நீளத்தை அளந்துவிட்டு, படத்தையே விமர்சனம் செய்துவிட்டதாக நினைப்பது போன்றதல்லவா இது?

பெயர்களைப் பார்க்கலாம். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு என்று ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீளுகிறது. இதை விட்டு அதை எடுத்தால் வாழ்வே போயிற்று என்று வீடுகளில் விவாதம் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப் பாடத்திட்டத்தை எடுத்துப் புரட்டினால் வேடிக்கை புரியும். முதல் ஆண்டில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பாடம்: கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், சி. கணினி அறிவியலுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் இரண்டாம் ஆண்டிலும் பெரும்பாலும் பொதுப் பாடங்களே. அதற்குப் பிறகுதான் பாதை சற்றுப் பிரிகிறது. முன்னதில் சேர்ந்தவர் கம்பைலரைக் கட்டாயம் படிக்கிறார். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றும் மொழிபெயர்ப்பாளன் அது. பின்னதில் சேர்ந்தவர் அந்த இடத்தில் இணையதளம் அமைக்கும் பாடங்களைக் கூடுதலாகப் படிக்கிறார். தன்னாட்சிக் கல்லூரிகளில் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் வித்தியாசம் இல்லை. தலைப்பை மாற்றி வேறொரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் கதை புதிதாகிவிடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம்.

பெயர் ஊரையே ஏமாற்றிவிடுவதும் உண்டு. 2007-இல் மத்திய அரசு தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கழகம் ஒன்றுக்குக் காஞ்சிபுரம் என்று பெயர். அது இருப்பதோ வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில். 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது அந்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் காஞ்சிபுரமாகவே நிற்கிறது. கழகம் உயர்ந்த கழகம்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயரை மட்டும் நம்பிப் பஸ் ஏறுகிறவர் காஞ்சிபுரத்தில் இறங்கித் தேட வேண்டியதுதான்.

பெற்றோர் பெயருக்கு மயங்குகிறார்கள் என்று கேலி செய்வது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். பக்கத்துத் தெருப் பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் மாடி வீடு கட்டியதை மானாம்பதித் தகப்பனார் கண்ணால் பார்க்கிறார். தம் மூத்த பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பதையும் பார்க்கிறார். கண்ணால் கண்டதை நம்புவது மூடத்தனமல்ல. குறை என்னவென்றால், அவர் பார்ப்பது நேற்றைய படம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐ.டி. என்ற இரண்டு எழுத்தே மந்திரமாக இருந்தது. அமெரிக்காவில் இணையக் கம்பெனிகள் சரிந்ததும் 2001-இல் அந்த மந்திரம் பலிக்காமற் போயிற்று. பிறகு மறுபடியும் பலித்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. சொன்னால் நிரல் எழுதிக் கொடுக்கும் இயந்திரம் 2022 இறுதியிலேயே வந்துவிட்டது. சேரும் நாளில் உள்ள சந்தை, நான்கு ஆண்டு கழித்துப் பட்டம் வாங்கும் நாளில் இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. இருக்கும் என்று சொல்லுகிறவர் ஜோசியர். அல்லது கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர்.

இடங்களும் பெருகிவிட்டன. ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, நன்கு நடக்கும் கல்லூரிகளுக்கு, 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. நாற்காலி வாங்குவது ஒரு நாள் வேலை. நல்ல உபாத்தியாயரை உண்டாக்குவது இருபது வருஷ வேலை. மானாம்பதிப் பெண்ணுக்கு எதிரில் உண்மையாகவே இருக்கும் கேள்வி, கணினி அறிவியலா தகவல் தொழில்நுட்பமா என்பதல்ல. நல்ல உபாத்தியாயர்கள் உள்ள கல்லூரியில் மின்னியலா, பெயர் மட்டும் பெரிதாக உள்ள கல்லூரியில் கம்ப்யூட்டரா என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் விடை எழுதிவிடுகிறார்கள்.

மின்னியல் படித்தால் கம்ப்யூட்டர் வழி அடைத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்தியாவில் கணினிக் கல்விக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் வி. ராஜாராமன். நம் ஈரோட்டில் 1933-இல் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 இயந்திரம் வந்தது. 1960-களின் நடுவில் அங்கே கணினிப் படிப்பைத் தொடங்கி வளர்த்தவர் அவர். அவர் படித்ததோ டெல்லியில் இயற்பியல். பிறகு மின்துறைப் பொறியியல். கணினிக்கென்று நம் நாட்டில் ஒரு பட்டமே இல்லாத காலம் அது. இன்றும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேறு பிரிவில் படித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் யார் இந்தப் படிப்பை எடுக்க வேண்டும்? இதற்குப் பதில் கவுன்சலிங்கிலேயே இருக்கிறது. பட்டியலின் உச்சியில் பெரிய கல்லூரியைப் போட்டால், அது கிடைக்காதபோது இரண்டாவதும் கைநழுவிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அஞ்சி, மனத்துக்குப் பிடித்ததைக் கீழே தள்ளுகிறார்கள். இயந்திரம் வேலை செய்யும் விதமோ மிகவும் எளியது. தரவரிசையில் முதலில் நிற்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குரிய ஒதுக்கீட்டில் இடம் காலியாக உள்ள முதல் கல்லூரியைக் கொடுக்கிறது. பிறகு அடுத்தவரிடம் போகிறது. உங்கள் முறை வரும்போது முதலாவது நிரம்பியிருந்தால் இரண்டாவதைப் பார்க்கும். முதலாவதைக் கேட்டதற்காக உங்களைத் தண்டிக்காது. ஆகையால் மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். இருவர் எல்லா வகையிலும் சமமாக நின்றால் என்ன செய்வது? கணக்கு, இயற்பியல் மதிப்பெண்களைப் பார்த்து, பிறந்த தேதி வரை பார்த்து, அப்போதும் தீராவிட்டால் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே கொடுத்த சமவாய்ப்பு எண்ணைப் பார்க்கிறார்கள். உத்திரமேரூர்க் குடம் இன்னும் உடையவில்லை! அங்கே போலவே இங்கேயும் அதிர்ஷ்டம் கடைசியில்தான் நிற்கிறது. விதியை வகுத்தவர்கள் யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். யோசிக்காதவர்கள் நாம்.

இந்த விளக்கத்தைப் படிக்கும்போது, 'இருவர் பட்டியலும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? சுற்றுச் சுற்றாக நடத்தினால் விளைவு மாறுமா?' என்று ஒரு பெண்ணின் மனம் தானாக ஓடினால், அவள் தாராளமாகக் கணினி படிக்கலாம். அந்தப் படிப்பின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொட்டாவி வந்தால் அதனால் அவமானம் ஒன்றுமில்லை. அவளுடைய அறிவு வேறொரு துறையில் பிரகாசிக்கும். பத்து கல்லூரிகளின் கட்-ஆஃபை மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும்.

மற்றவை விசாரித்து அறியக்கூடியவை. ஒவ்வொரு பருவத் தேர்விலும் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தேசிய அங்கீகார வாரியம் கல்லூரிக்கு மொத்தமாக அல்லாமல் பிரிவு பிரிவாக அங்கீகாரம் தருகிறது. நீங்கள் கேட்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே படிக்கும் பிள்ளைகள் இருவரைப் பிடித்து, சோதனைக்கூடத்தில் இயந்திரம் ஓடுகிறதா, பாடம் நடத்துகிறவர் ஆண்டு முழுவதும் நிற்கிறாரா என்று கேட்கலாம். பொறியியல்தான் வேண்டும் என்பதும் இல்லை. கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்ஸி.யும் பி.சி.ஏ.வும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2021-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டத்துக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை; நான்கு வாரப் பாடத்தைப் படித்து அதன் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். இடையில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் உண்டு.

இவ்வளவையும் விசாரிக்க ஒரு வாரம் போதும். ஒரு ஜோடி மாடு வாங்குவதற்கு அதைவிட அதிக நாள் நம் ஊரில் அலைகிறோம். பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம். பெண்ணின் படிப்புக்கு மட்டும் 'எல்லாரும் போடறாங்க' என்பது போதுமா?

ஓலை எடுக்கும் சிறுவன் ஏதும் அறியாதவனாக இருக்க வேண்டும் என்று உத்திரமேரூர்ச் சபை விதித்தது. அது நியாயம், அவன் எடுத்தது பிறருடைய பெயரை. நம் பிள்ளைகள் எடுப்பதோ தங்கள் பெயரை.