சுவருக்குப் பின்னால் ஒரு மனிதன்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்றனர் முன்னோர். சுவர் யாருடையது என்பதை மட்டும் அவர்கள் சொன்னாரில்லை.

தெருச்சுவர் ஓவியத்தை வெறுங் கிறுக்கல் என்று தள்ளுவோர் உளர். அவர்கள் கூர்ந்து நோக்காதவர்கள். அக்கலைக்கும் இலக்கணம் உண்டு. ஏட்டில் ஏறாத சட்டமும் உண்டு. 1970களில் நியூயார்க் நகரில் வளர்ந்த வழக்கைப் பாருங்கள். ஒரே வீச்சில் இடும் கையொப்பம் 'டேக்'. விரைந்து தீட்டும் பருத்த எழுத்து 'த்ரோ-அப்'. பொழுதெல்லாம் உழைத்துப் பல வண்ணத்தில் தீட்டுவது 'பீஸ்'. சிறியதன்மேல் சிறந்தது வரலாம்; சிறந்ததன்மேல் சிறியது வருமாயின் அது பகை!

நம் நாட்டுச் சுவரெழுத்து இதற்கு இளைத்ததா? வெண்சுண்ணாம்புத் தளம், ஆளுயர எழுத்து, அதன் ஓரத்தே கருநிழல், ஓடும் பேருந்திலிருந்து படித்தாலும் தெளியும் வடிவு. பெயரும் புகழும் நாடாத ஓவியர்களின் கைத்திறன் அது. அதற்கும் விதி உண்டு. கட்சியின் பெயர், ஓர் ஆண்டு எண், 'வரை' என்றொரு சொல். இவை மூலையில் விழுந்தால் போதும், அந்த ஆண்டுவரை மாற்றுக் கட்சித் தோழர் அச்சுவரை நாடார். பொதுவிடங்களை உருக்குலைத்தலைத் தடுக்க 1959இல் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு அஞ்சாத தூரிகை, மூலையெழுத்துக்கு அஞ்சுகிறது. வியப்பன்றோ!

ஆனால், இரு நாட்டு விதிகளும் எழுதுவோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடே. சுவருக்குப் பின்னால் வாழ்பவனை யார் கேட்டார்?

சவ்வாது மலையில், நான் பணியாற்றும் பள்ளியின் சுற்றுச்சுவரில் மாணவர்கள் படம் வரைந்தனர். சாமைக் கதிர், பலா மரம், காவலூர் வானாய்வகத்தின் வெண்கூண்டு எனத் தாம் கண்ட உலகை வரைந்தனர். ஒரு காலை வந்து பார்த்தால் சுவர் முழுதும் சுண்ணாம்பு. மூலையில் ஆண்டு எண். எக்கட்சி என்று எழுதேன். எல்லோர்க்கும் வழக்கு ஒன்றே. "ஐயா, எங்கள் படம் சிறியதா?" என்றாள் ஒரு மாணவி. விடை சொல்ல நா எழவில்லை.

சென்னையில் 2009இல் அண்ணா சாலையிலும் காமராசர் சாலையிலும் மாநகராட்சி சுவரொட்டிக்குத் தடை விதித்தது. பின்னர்ச் சுவர்களில் பண்பாட்டு ஓவியம் தீட்டியது. கண்ணுக்கு இனிமைதான், ஆனால் அங்கே பழம்பெருமை இருந்தது, அத்தெருவில் நடப்பவன் இல்லை. கண்ணகி நகரோ வேறு. நகரின் நடுவிலிருந்த குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களை 2000 முதல் குடியேற்றிய இடம் அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பினர் அங்கு அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தனர். அங்கு வாழும் சிறாரின் முகங்களே மாடியளவு உயர்ந்து சிரித்தன. வண்ணம் வேலை தராது. இழந்த இடத்தை மீட்டும் தராது. அதை மறந்து வண்ணத்தை மட்டும் போற்றுவது பேதைமை. ஆயினும், ஊர் ஒதுக்கியவனின் முகத்தை ஊர் நிமிர்ந்து பார்க்கச் செய்த தூரிகையைக் குறைகூற மாட்டேன்.

எழுதாச் சட்டங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்போம்: தூரிகையைத் தோய்க்குமுன் கதவைத் தட்டு. கதவைத் திறப்பவள் ஒரு சிறுமியாயினும், அவளைக் கேள்!