காகம் கற்பித்த கல்வி

மாந்தரிடம் காணப்படும் குறைகளுக்கு மூலம் யாது? இவ்வினா எழும்போதெல்லாம் நம்மிடையே இரு அணியினர் எழுந்து நிற்கக் காண்கிறோம். அறியாமையே மூலம், அறிவு வளர வளர மனிதன் திருந்துவான் என்பர் ஓரணியினர். ஈமான் குன்றியதே மூலம், மார்க்கத்தை விட்டு அகன்றதால் வந்த விளைவுகளே இவையெல்லாம் என்பர் மற்றோர் அணியினர். முன்னவர் கல்லூரி மேடைகளிலும் பின்னவர் மிம்பர்ப் படிகளிலும் முழங்குகின்றனர். ஒருவர் சொல்வது மற்றவர் செவியில் விழுவதில்லை. நான் இரண்டாம் அணியில் வளர்ந்தவன். இன்றும் அதிலேயே நிற்பவன். ஆயினும் நம்மவர் இவ்வழக்கை நடத்தும் முறை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்குரிய காரணத்தை ஒரு பழைய அரபுக் கதையின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

இப்னு துஃபைல் அந்தலூஸின் வாதி ஆஷ் என்னும் ஊரிற் பிறந்தவர். முவஹ்ஹிதீன் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் மருத்துவர். இப்னு ருஷ்தை அக்கலீஃபாவின் அவைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. 1185ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய நூல் 'ஹய்யு இப்னு யக்ஸான்' என்னும் சிறு கதையாகும். நூலின் பெயரையும் பாத்திரங்களின் பெயர்களையும் இப்னு ஸீனாவிடமிருந்து எடுத்துக்கொண்டாலும், கதை இப்னு துஃபைலுடையதே.

இந்தியத் தீவுகளுள் ஒன்றில், மனித வாடையே இல்லாத இடத்தில், ஒரு குழந்தை வளர்கிறது. களிமண் நொதித்து அதிலிருந்து தோன்றிய குழந்தை என்பது ஒரு வரலாறு; பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட அரசிளங்குமரியின் மகவு என்பது மற்றொரு வரலாறு. இரண்டையும் கூறி, முடிவை ஆசிரியர் நமக்கே விட்டுவிடுகிறார். குட்டியை இழந்த பெண்மான் ஒன்று அதற்குப் பாலூட்டுகிறது. (மான் என்றதும் உமறுப் புலவரின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நம் நெஞ்சில் நிழலாடாமற் போகாது. இரு மான்களும் தாய்மையின் உருவங்களே.) ஆண்டுகள் செல்கின்றன. மான் இறக்கிறது. தாயை அசையாமற் செய்த குறை எதுவெனத் தேடி, சிறுவன் அதன் மார்பைப் பிளந்து இதயத்தைக் காண்கிறான். அதன் ஓர் அறையில் உறைந்த குருதி. மற்றோர் அறை வெறுமை. அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று தெளிகிறான். அதிலிருந்து தொடங்கி நெருப்பு, உடற்கூறு, விண்மீன்கள், படைப்பின் ஒழுங்கு, படைத்தவன் ஒருவன் என்னும் முடிவு வரை தானாகவே ஏறிச் செல்கிறான். ஆசிரியர் ஒருவர் இல்லை, நூல் ஒன்று இல்லை, மொழியும் இல்லை.

ஐரோப்பா இந்நூலைக் கண்டு மயங்கியதில் வியப்பில்லை. 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் போகாக் என்பார் இதனை இலத்தீனில் வெளியிட்டபோது 'தானே கற்ற தத்துவ ஞானி' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். 1708இல் ஓக்லி இதை அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திற் பெயர்த்தார். ஆசான் இன்றியும் அறிவு முழுமை எய்தும் என்னும் எண்ணம் அக்காலத்தார்க்குத் தேனாய் இனித்தது. ஆனால் நூலின் கடைசிப் பக்கங்கள் அவர்களுக்கு அவ்வளவு இனித்திருக்க இயலாது. நம் அறிஞர்களுள்ளும் பலர் அவற்றைப் 'பாமரர்க்கு ஷரீஅத், மேலோர்க்கு ஹகீகத்' என்று ஒரே சொற்றொடரில் முடித்து விடுகின்றனர். நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இறந்த மானின் உடல் நாறத் தொடங்குகிறது. என் செய்வதென்று ஹய்யுக்குத் தெரியவில்லை. அப்போது இரு காகங்கள் சண்டையிட, ஒன்று மற்றொன்றைக் கொன்று, மண்ணைக் கிளறிக் குழி செய்து புதைக்கக் காண்கிறான். கொன்றது தீது, ஆயினும் புதைத்தது எவ்வளவு நன்று எனத் தனக்குள் எண்ணி, அவனும் தன் தாயைப் புதைக்கிறான்.

இக்காகம் எங்கிருந்து பறந்து வந்தது என்பதை மதரஸாவின் திண்ணையில் அமர்ந்த எவனும் அறிவான். திருமறையின் அல்மாயிதா அத்தியாயத்தில் ஆதமின் மக்கள் இருவரின் வரலாறு வருகிறது. அவர்களின் பெயர்களைத் திருமறை கூறவில்லை. ஹாபில், காபில் என்பன விரிவுரையாளர்கள் தருபவை. இராமேசுவரத்தில் இன்றும் அவ்விருவர் பெயரால் ஒரு தர்கா நிற்கிறது. அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டுவதில்லை. அக்கதை நம் மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒருவன் மற்றவனைக் கொன்றான். பின்னர் உடலை மறைக்கும் வகை தெரியாது திகைத்தான். அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது மண்ணைக் கிளறிக் காட்டிற்று. அவன் அதனைக் கண்டு, இக்காகத்தின் அளவுகூட எனக்குத் திறன் இல்லையே என வருந்தினான்.

மண்ணைக் கிளறுதலுக்குத் திருமறை ஆளும் வினைச்சொல் 'பஹஸ' என்பதன் வழிப்பட்டது. திருமறை முழுவதிலும் அச்சொல் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. இப்னு துஃபைலும் தம் காகத்துக்கு அதே சொல்லை ஆள்கிறார். இன்று அரபுலகப் பல்கலைக்கழகங்களில் 'ஆராய்ச்சி' என்பதற்கு வழங்கும் சொல் 'பஹ்ஸ்' அன்றோ! ஆராய்ச்சி என்னும் சொல்லே ஒரு காகத்தின் அலகில், ஒரு பிணத்தின் அருகில், நம்மை வந்து சந்திக்கிறது. கொலை முந்தியது, கலை பிந்தியது. மனிதன் பறவையிடம் கற்ற அத்தொழில் தன் குற்றத்தை மண்ணுள் மறைக்கும் தொழிலாயிற்று.

இப்னு துஃபைல் என்ன செய்தார்? காகத்தை வைத்துக்கொண்டார்; கொலைகாரனை விலக்கிவிட்டார். கொலையைப் பறவைகளின் மேல் ஏற்றிவிட்டுக் கல்வியை மட்டும் களங்கமற்ற சிறுவனுக்கு அளித்தார். அவருடைய தீவில் அறிவு வளர்கிறது. ஆனால் அங்கே தம்பி இல்லை. தம்பி இல்லாத இடத்தில் காபிலும் இல்லை. ஹய்யுவின் தூய்மையை நான் குறைத்துப் பேசவில்லை. அது சோதிக்கப்படாத தூய்மை என்று மட்டுமே கூறுகிறேன்.

இதன் விளைவு கடைசிப் பக்கங்களில் வெளிப்படுகிறது. அயல் தீவிலிருந்து அப்ஸால் என்னும் பக்தர் தனிமை நாடி வருகிறார். ஹய்யுவுக்கு மொழி கற்பிக்கிறார். தம் மக்களின் மார்க்கத்தை எடுத்துரைக்கிறார். அனைத்தும் தான் கண்ட உண்மையோடு பொருந்தக் கண்டு ஹய்யு அதனை ஏற்கிறான். ஆனால் சில செய்திகள் அவனுக்கு விளங்கவில்லை. ஸகாத்தின் பிரிவுகள், வாணிகச் சட்டங்கள், வட்டித் தடை, குற்றத் தண்டனைகள்: இவையெல்லாம் எதற்கு? உண்மையை உணர்ந்தவன் பொருளைச் சேர்ப்பானா? சேர்த்த பொருள் இல்லையேல் திருட்டு ஏது? ஆகவே இம்மக்களுக்கு உண்மையை விளக்கிவிட்டால் போதும் என்று நம்பி அவன் கடல் கடக்கிறான்.

இந்நம்பிக்கையை நான் வேறிடத்திலும் கண்டிருக்கிறேன். பிரெஞ்சுக் கணித மேதை கொண்டோர்சே மனித அறிவின் முன்னேற்றத்தைப் பத்துக் காலங்களாக வகுத்து, பத்தாம் காலத்தில் அறியாமையும் கொடுங்கோன்மையும் ஒழியும் என்று எழுதினார். எழுதிய இடம் எது? அவர் வரவேற்ற புரட்சியே 1793இல் அவரைக் கைது செய்ய ஆணையிட, மறைந்து வாழ்ந்த வீடு! 1794 மார்ச்சில் சிறைக்கூடத்தில் உயிர் நீத்தார். நூல் மறுஆண்டு வெளிவந்தது. அம்மனிதரின் நெஞ்சுரம் போற்றத்தக்கது. ஆனால் கதவுக்கு வெளியே அவரைத் தேடியவர்களும் அறிவின் பெயராலேயே தேடினர் என்பதை அந்நூலின் கணக்கில் எங்கே எழுதுவது?

முன்னேற்றத்தை இகழ்வது நம் மரபன்று. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்து நூல் செய்தவர் அர்ராஸீ. அப்பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இதற்கு நன்றி பாராட்டாதவன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அம்மைக்குப் பால் குத்துவது போல் அழுக்காற்றுக்குக் குத்த இயலவில்லை. காற்றிலிருந்து உரம் செய்யும் வழியை 1909இல் செய்து காட்டிய ஹாபர்தான், 1915 ஏப்ரல் 22இல் ஈப்ரு போர்முனையில் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிடும் பணியை முன்னின்று நடத்தினார். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கே கிட்டிற்று. அவரிடம் அறிவில் என்ன குறை?

இவ்விடத்தில் நம் மிம்பர்கள் மகிழ்ச்சியடையும் என்பதை அறிவேன். மகிழ்வதற்கு முன் காபிலின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும். கொலை எதிலிருந்து எழுந்தது? குர்பானியிலிருந்து! இருவரும் இறைவனுக்குப் பலி கொணர்ந்தனர். ஒருவரது ஏற்கப்பட்டது, மற்றவரது ஏற்கப்படவில்லை. காபில் இறைமறுப்பாளன் அல்லன், வணக்கத்துக்கு வந்தவன். வணக்கத்தலத்திலிருந்து திரும்பும் வழியிலேயே அவன் நெஞ்சு கறுத்தது. ஹிஜ்ரி 61இல் கர்பலாவுக்கு முன் ஹுர்ரின் ஆயிரம் வீரர்கள் ஹுஸைன் (ரலி) அவர்களை வழிமறித்தனர். அன்றைய லுஹரை அவர்களையே இமாமாகக் கொண்டு தொழுதனர் என்று தபரீ எழுதுகிறார். ஹுர் பின்னர் இமாமின் பக்கம் வந்து உயிர் ஈந்தார். அவருக்குப் பின்னால் ஸஃப்பில் நின்றவர்களிற் பெரும்பாலோர் வரவில்லை. ஈமான் குன்றியதே எல்லாக் குறைகளுக்கும் மூலம் என்று எளிதாகச் சொல்லிவிட்டால், தொழுத அந்நெற்றிகளை என்னவென்பது?

எனவே நான் சமயத்தின் விளக்கத்தையே சிறந்ததெனக் கொள்வது, சமயவாதிகள் சிறந்தவர்கள் என்பதனால் அன்று. முன்னேற்றவாதியின் விளக்கத்தில் குற்றம் எப்போதும் பின்னால் நிற்கும் தலைமுறைக்குரியது; நம்மிற் பலரது பிரசங்கத்தில் அது எப்போதும் அடுத்த தெருவில் இருப்பவனுக்குரியது. திருமறையின் விளக்கத்திலோ அது அறிவுக்கு அருகில், வணக்கத்துக்கு அருகில் அமர்ந்திருக்கிறது. ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் அனைத்தும் கற்பிக்கப்பட்ட பின்னரே அந்த மரத்தின் நிகழ்ச்சி வருகிறது. அங்கே நேர்ந்ததற்குத் தாஹா அத்தியாயம் ஓரிடத்தில் ஆளும் சொல் அறியாமை என்பதன்று, மறதி என்பதாகும். 'இன்ஸான்' என்னும் சொல்லுக்கு மொழிநூலாருட் சிலர் 'நிஸ்யான்' (மறதி) என்பதையும், சிலர் 'உன்ஸ்' (கூடிப் பழகும் நேயம்) என்பதையும் வேராகக் காட்டுவர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் முயன்றதில்லை. இரண்டும் இல்லாத ஒருவனை அறிய வேண்டுமாயின் ஹய்யுவைப் பார்க்கலாம்.

அயல் தீவில் ஹய்யு தோற்றான். நல்லவர்களையே தேர்ந்து உபதேசித்தான்; அவர்கள் முகஞ்சுளித்தனர். உடனே அவன் மனம் மறுகோடிக்குத் தாவிற்று: இவர்கள் கால்நடை போன்றவர்கள், இவர்களுக்கு வெளிச் சட்டமே போதும். தலைவர் ஸலாமானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உள்ளபடியே இருங்கள் என அறிவுறுத்தித் திரும்பினான். இப்னு துஃபைல் இதனை மெய்யுணர்வாகக் காட்டுகிறார். இதில் நான் அவரோடு உடன்படவில்லை. ஸகாத்தின் சட்டம் அறிவு குறைந்தோர்க்கு இட்ட வேலியன்று. பக்கத்துக் கையில் இருப்பதன் மேல் கண் போகும் எல்லோர்க்கும் உரியது. பக்கத்தில் ஒரு கை இல்லாமல் ஐம்பது ஆண்டுக்காலம் வாழ்ந்தவன், அங்குள்ளோரை அத்தனை விரைவில் அளந்து முடித்தது அவசரத் தீர்ப்பேயாகும்.

ஹய்யுவும் அப்ஸாலும் பழைய தீவுக்கு மீண்டனர். இறுதி வரை வணக்கத்தில் ஈடுபட்டனர். அப்ஸால் அவனைப் பின்பற்றி ஏறக்குறைய அவன் நிலையை எட்டினார் என்று கதை முடிகிறது. 'ஏறக்குறைய' என்னும் அச்சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அத்தீவில் இப்போது இருவர் இருக்கின்றனர். இருவரும் வணங்குகின்றனர்; ஒருவர் மற்றவரினும் ஒரு படி கீழே. அதன் பிறகு அங்கே நடந்ததைப் பற்றி இப்னு துஃபைல் ஒரு சொல்லும் எழுதவில்லை.