துடுப்பை இறக்கிவைத்த பாகம்

மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022இலும் 2023இலும் திரைக்கு வந்தபின் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படிக்கும் இளையோர் கூட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் பெருகியிருக்கிறது. ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று எங்கே போனாலும் ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மூத்த வாசகர்கள் சொல்லும் ஓர் அறிவுரையும் கூடவே பரவுகிறது: "மூன்றாம் பாகம் கொஞ்சம் இழுக்கும், அது வெறும் பாலம்தான், பொறுத்துக் கடந்துவிடு, நாலாம் பாகத்தில் கதை பறக்கும்." நடுப் பாகம் என்றால் தொய்யத்தான் செய்யும் என்ற இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 'கொலை வாள்' என்ற அந்த மூன்றாம் பாகம் தொய்கிறது என்பது உண்மை. எதனால் தொய்கிறது என்பதைத்தான் இவர்கள் பார்க்க மறுக்கிறார்கள்.

அந்தப் பாகத்தின் நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடிக்கரையில் தொடங்கும் முதல் அத்தியாயங்கள் கல்கியின் மிகச் சிறந்த எழுத்தில் சேரும். சதுப்புக் காடும் கால்வாயும் தாழைப் புதரும் ஆந்தைக் குரலும் கூடிய அந்த இருட்டு, சிலாங்கூர் ஆற்று முகத்தின் அலையாத்திக் காட்டை அறிந்த நமக்கு அந்நியமே இல்லை. செம்பியன் மாதேவிக்கும் மதுராந்தகனுக்கும் நடக்கும் வாக்குவாதம், தாய்மைக்கும் அரச நீதிக்கும் இடையில் சிக்கிய ஒருத்தியைக் கண்முன் நிறுத்துகிறது. கொல்லுப்பட்டறையில் மீன் சின்னம் பொறித்த வாள் வெளிப்படும் இடம் இன்றும் சிலிர்க்க வைக்கும். கடார மன்னர்களின் பெயரோடு சேர்ந்த நாகைச் சூடாமணி விகாரத்தை, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்த காலத்துக்கு முன்னமே கல்கி கதைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று வரலாற்று அறிஞர்கள் குறை சொல்லலாம். கதைக்கு அந்த உரிமை உண்டு. கடாரம், அதாவது கெடா, நம் மண் என்பதால் அந்த அத்தியாயத்தை நாம் கூடுதல் பாசத்தோடு படிப்பதிலும் தவறில்லை.

வாரத்தொடர் என்ற சமாதானத்தையும் கேட்டிருக்கிறேன். 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் எழுதியவர், சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்கிறார்கள். முதல் பாகமும் அதே இதழில், அதே வார ஓட்டத்தில் வந்ததுதான். வீரநாராயண ஏரிக்கரையிலிருந்து வந்தியத்தேவனின் குதிரை ஓடிய வேகத்தை எந்த வாரக்கெடுவும் தடுத்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் பாகத்தில் அந்த வேகம் நின்றுபோகக் காரணம், வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியை வைத்துக் கல்கி கதை நகர்த்த முயல்வது. இளவரசர் அருள்மொழி கடலில் மூழ்கவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். பழையாறை அரண்மனையில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்பதே பக்கம் பக்கமாக நீள்கிறது.

இதையும்கூட மன்னித்துவிடுவேன். நான் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை வேறு. நடுப் பாகத்தில் கல்கி பூங்குழலியைக் கைவிட்டுவிட்டார்.

கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் காவலர் மகள் அவள். வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். புயலில் அவனையும் அருள்மொழியையும் கடலிலிருந்து மீட்டவள். மூன்றாம் பாகத் தொடக்கத்தில் நச்சுக் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும் இளவரசரைப் பூக்குடலை சுமக்கும் சேந்தன் அமுதனோடு ஓடத்தில் ஏற்றி, கால்வாய் வழியே நாகைக்குக் கொண்டுபோகிறாள். சோழ நாட்டின் வருங்காலமே அந்த ஓடத்தில் கிடக்கிறது, துடுப்பு அவள் கையில் இருக்கிறது. அவள் மனத்தில் காதலும் இருக்கிறது, அது நிறைவேறாது என்ற தெளிவும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே பொங்கும் கோபமும் இருக்கிறது. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட வளமான இடம் கிடைக்குமா? கல்கி அவளை விகாரத்து வாசல்வரை கொண்டுவருகிறார். அதன்பிறகு கதையின் எடை முழுவதும் பழையாறை அரண்மனைக்கு மாறிவிடுகிறது. நோயாளியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்ததும் அவள் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்தவளுக்குக் கதையிலும் இடம் சுருங்கிவிட்டது.

இடம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வானதிக்குப் போகிறது. எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழுந்த கொடும்பாளூர்ப் பெண், துணிச்சல்காரியாக மாறுவதை அத்தியாயங்கள் ஒதுக்கி, படிப்படியாகக் காட்டுகிறார். அவளுடைய சிரிப்போடுதான் பாகமே முடிகிறது. வானதியின் வளர்ச்சி அழகானதுதான். ஆனால் ஒருத்தி துணிச்சலைக் கற்றுக்கொள்வதைப் பார்க்க இவ்வளவு பொறுமை காட்டியவர், பிறவியிலேயே துணிச்சலோடு வந்தவளின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க ஏன் நேரம் ஒதுக்கவில்லை? அரண்மனைப் பெண்ணின் அச்சம் கல்கிக்கு மனப் போராட்டமாகத் தெரிகிறது. படகுக்காரியின் வேதனை அவருக்கு ஒரு பாட்டு, ஒரு பித்து, காட்டில் எழும் ஒரு சிரிப்பு. அதற்கு மேல் அவர் போவதில்லை.

வானதி வரலாற்றில் ராஜேந்திரனின் தாய், பூங்குழலி கற்பனைப் பாத்திரம், கல்கி வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். நந்தினியும் கற்பனைதான். அவளுடைய வாளைப் பாகத்தின் தலைப்பாகவே கொடுத்தாரே. பூங்குழலியை இளவரசருக்கு மணமுடித்துவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பின்னாளில் ராஜராஜனான அவருக்கு அரசியர் பலர் என்று கல்வெட்டுகளே சொல்வதால், வரலாறு அதற்கும் குறுக்கே நின்றிருக்காது. நான் கேட்பது பக்கங்களை. அவள் விரும்பியதை, இழந்ததை, இழந்தபின் என்னவாக மாறினாள் என்பதை எழுதியிருக்க வேண்டிய இடம் இந்தப் பாகம்தான். காதல் கதையின் நடுவில் மனிதர்கள் மாற வேண்டும். இங்கே செய்திகள்தான் கைமாறுகின்றன.

கடைசியில் அவளுக்கு மகுடம் கிடைக்கிறதே என்பது அடுத்த சமாதானம். சேந்தன் அமுதன் அரச வாரிசு என்று தெரியவருகிறது, அவனை மணந்த பூங்குழலி அரசியாகிறாள். எனக்கு இந்த முடிவுதான் மிகப் பெரிய ஏமாற்றம். பூக்குடலை சுமந்தவனும் துடுப்புப் போட்டவளும் அவர்களாகவே இருந்து காதலிக்க இந்த நாவல் இடம் தரவில்லை. அவன் பிறப்பு உயர்ந்தது என்று நிரூபித்த பிறகுதான் அவர்கள் வாழ்வுக்கு மதிப்பு வருகிறது. மணிரத்னம் அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டார். ஆனால் அவர் படத்திலும் பூங்குழலி அழகான கடல் காட்சியாகவே நின்றுவிட்டாள்.

தோட்டத்து மக்களின் பிள்ளைகளாகிய நாம் இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? இருட்டு விலகுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, லயத்துக்குத் திரும்பிச் சோறாக்கிய பெண்கள் நம் பாட்டிகள். அவர்கள் உழைப்பைச் சுற்றித்தான் இந்த வட்டாரத்தின் எல்லாக் கதைகளும் நடந்தன, ஆனால் கதையின் நடுவில் நின்றவர்கள் வேறு யாரோ. இங்கே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக முறையில் செம்பனை நட்ட ஹென்றி ஃபோகொன்னியே, இந்த மண்ணை வைத்து எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அதிலும் முன்னால் நிற்பவர்கள் துரைமார்கள்தாம். அந்நியர் எழுத்தில் அது நடந்தால் வரலாறு என்று கடந்துபோகிறோம். நாம் உயிராக நேசிக்கும் தமிழ் நாவலில் அதே வழக்கம் இருந்தால் அதற்குப் பாலம் என்று பெயர் வைத்துக் காப்பாற்றுகிறோம்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி, மலிவுப் பதிப்புகள் நம் கைக்கு எட்டுகின்றன. பிள்ளைகளிடம் மூன்றாம் பாகத்தைக் கொடுக்கும்போது, பொறுத்துக் கடந்துவிடு என்று சொல்லாதீர்கள். மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். நாகைக்குப் பிறகு பூங்குழலியின் மனத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். கல்கி பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது. அதற்கான பதிலை எழுதும் தகுதி, வாளியின் கனத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நிச்சயம் உண்டு.