மஞ்சட் கடவுச்சீட்டு

விக்ரர் ஹியூகோவின் 'லே மிசராப்' (1862), சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆக்கிய நாவல், பெரும்பாலும் ஆயரின் கருணைக் கதையாகவே வாசிக்கப்படுகிறது. இவ்வாசிப்பு போதாது. பத்தொன்பது ஆண்டுச் சிறைக்குப்பின் 1815இல் மீளும் ஜீன் வால்ஜீனுக்கு அரசு அளிப்பது மஞ்சட் கடவுச்சீட்டு. அவன் யாரெனத் தெரிந்ததும் சத்திரங்கள் இடம் மறுக்கின்றன. கிராஸ் நகரிலே பிறரோடு ஒப்ப உழைத்தும் குறைகூலியே கிடைக்கிறது. சிறைமீண்டோனை மலிந்த உழைப்பாக்கும் இப்பொருளியல் உறவே நாவலின் உயிர்நாடி எனலாம். ஆயரின் படுக்கையோ ஓரிரவுக்குரியது.

பெயரை மறைத்தே வால்ஜீன் ஆலையதிபனாகின்றான். அவ்வாலையிலிருந்தே, மணமாகாது தாயான ஃபன்ரீன் ஐம்பது பிராங்கோடு வெளியேற்றப்படுகிறாள். அதிபன் அதனை அறியான் என்கிறார் ஹியூகோ. அவரது மனிதாபிமானத்தின் வர்க்க எல்லை இச்சமாதானத்திலேதான் புலனாகின்றது.