ஹார்வியின் புஸ்தகம்

கல்லூரியில் படித்த இரண்டு வருஷமும் இருதயத்தின் நான்கு அறைகளைச் சிவப்பும் நீலமுமாக வரைந்து மார்க்கு வாங்கியிருக்கிறேன். வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே பிராணவாயு ஏறித் திரும்புவதை இடது பக்கம் உடம்பெங்கும் தள்ளுகிறது. இதை ஒரு மனிதர் வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்தது என்று அப்போது தோன்றவே இல்லை. வில்லியம் ஹார்வி 1628-ல் லத்தீனில் வெளியிட்ட சிறு நூலை இங்கிலீஷில் படித்தபோதுதான் தோன்றிற்று.

வைத்திய நூலாக அதை எடைபோட எனக்குத் தகுதி கிடையாது. எழுத்தாக மதிப்பிடலாம். சார்லஸ் மன்னருக்கு எழுதிய சமர்ப்பணம் சகிக்கவில்லை. ராஜ வைத்தியர் அப்படித்தான் எழுதியாக வேண்டும் போலும். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, இருதயம் எப்போது சுருங்குகிறது, எப்போது விரிகிறது என்றே தமக்குப் பிடிபடாமல், ஆண்டவனுக்குத்தான் தெரியுமோ என்று மலைத்ததை ஒப்புக்கொண்டுவிடுகிறார். அதற்கப்புறம் அவரை நம்பாமலிருக்க முடியவில்லை.

நூலின் உச்சம் ஒன்பதாம் அத்தியாயம். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தம் உண்டாக்குகிறது, அவயவங்கள் அதை உறிஞ்சித் தீர்க்கின்றன என்பது கேலன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. ஹார்வி கணக்குப் போடுகிறார். துடிப்புக்கு அரை அவுன்ஸ்தான் என்று வைத்துக்கொண்டாலும், அரை மணியில் ஆயிரம் துடிப்புக்கு மேல். அத்தனை ரத்தம் உடம்பில் ஏது? போனதே திரும்பி வர வேண்டும். அவர் மிகவும் குறைத்தே சொன்னார். உண்மையில் துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிஷத்துக்கு 5 லிட்டர். உடம்பிலுள்ள ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். குறைத்துச் சொல்லியும் வாதம் நிற்கிறது. நம் கதாசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தெம்பு உண்டு?

ஓர் ஓட்டை இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது? கண்ணுக்குத் தெரியவில்லை. சதையின் நுண்துளைகள் வழியாகவோ, குழாய்கள் நேரே கூடும் இடத்திலோ போக வேண்டும் என்று இரண்டையும் வைத்துவிட்டு மேலே நடக்கிறார். 1657-ல் காலமானார். நாலு வருஷம் கழித்து மால்பீகி, தவளையின் நுரையீரலில் அந்த மயிரிழைக் குழாய்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

நானாயிருந்தால் அந்த இடத்தை மூடியிருப்பேன். என் நாவல் ஒன்றில் கதாநாயகி ஏன் மனம் மாறினாள் என்று எனக்கே தெரியாது. அவளுடைய இருதயத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதிச் சமாளித்தேன். அந்த அரைப் பக்கத்தைப் பாராட்டித்தான் அதிகக் கடிதங்கள் வந்தன.